காணொளி விருது விழாவில் காணாமல் போன காணொளி

அமெரிக்க இசை அலைவரிசையான எம்டிவி ஆண்டுதோறும் நடத்தும் இசைக் காணொளி விருது விழாவைப் பற்றிப் பேச்சு எழுந்தால், யாரிடம் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் வருகிறது. 2001இல் பிரிட்னி ஸ்பியர்ஸ் மலைப்பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு ஆடியது, 2003இல் மடோனா அவருக்குக் கொடுத்த முத்தம், 2009இல் டெய்லர் ஸ்விஃப்டின் கையிலிருந்து கான்யே வெஸ்ட் மைக்கைப் பிடுங்கியது, 2010இல் லேடி காகா பச்சை இறைச்சியால் ஆன உடையில் வந்து நின்றது. நண்பர்கள் கூடிய ஓர் இரவு விருந்தில் இந்தப் பட்டியல் மறுபடியும் ஓடியபோது, முத்தம் நடந்த 2003இல் ஆண்டின் சிறந்த காணொளியாக எது தேர்வானது என்று நான் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. மிஸ்ஸி எலியட்டின் ‘வொர்க் இட்’ என்று சொன்னதும் இருவர் தலையசைத்தார்கள். உடம்பெல்லாம் தேனீக்கள் மொய்க்க அவர் இசைத்தட்டுகளுக்கு முன்னால் நிற்கும் காட்சியை விவரித்த பிறகு ஒருவருக்கு முகம் மலர்ந்தது. காணொளியை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதற்குக் கிடைத்த விருதுதான் யார் நினைவிலும் இல்லை.

திரைப்பட விருது விழாவிலும் மேடைக் கூத்துகள் உண்டு, கன்னத்தில் அறை விழுந்ததும் உண்டு, என்றாலும் எந்தப் படம் வென்றது என்பதாவது ஓரளவு மனத்தில் நிற்கிறது. மூன்று, நான்கு நிமிடங்களுக்குள் ஒரு உலகத்தைக் கட்டி முடிக்கும் கலைக்கென்றே தனியாக ஒரு விழா எடுத்து, அந்த விழாவில் அந்தக் கலையை மட்டும் பின்வரிசைக்குத் தள்ளிவிடுவது எப்படி நிகழ்கிறது என்ற கேள்வி அன்றிரவுக்குப் பிறகு என்னை விடவில்லை. முதலில் இதைச் சமூக ஊடகக் காலத்தின் வியாதி என்றே நினைத்தேன். பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்கத் தொடங்கியபோது, முதல் விழாவிலேயே இது இருப்பது தெரிந்தது.

முதல் இரவு

1981 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய எம்டிவி, 1984 செப்டம்பர் 14 அன்று நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் முதல் விழாவை நடத்தியது. நடிகர் டேன் அக்ராய்டும் பாடகி பெட் மிட்லரும் தொகுத்து வழங்கினார்கள். ஆண்டின் சிறந்த காணொளிக்கான போட்டியில் மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ இருந்தது; ஏறக்குறைய 14 நிமிடம் ஓடும் அதை ஜான் லேண்டிஸ் இயக்கியிருந்தார். வென்றது அதுவன்று. தி கார்ஸ் குழுவின் ‘யூ மைட் திங்க்’ வென்றது. பாடகர் ரிக் ஒகாசெக் ஈயாகவும் உதட்டுச் சாயமாகவும் மாறி ஒரு பெண்ணைச் சுற்றிச் சுற்றி வரும், கணினி வரைகலையை ஆசை தீரப் பயன்படுத்திய காணொளி அது. பார்வையாளர் வாக்கில் மட்டும் ‘த்ரில்லர்’ முதலிடம் பெற்றது. தொழிலில் உள்ளவர்கள் புதிய கருவியின் மேல் மயங்கினார்கள், மக்கள் கதையின் மேல் மயங்கினார்கள் என்று இதை நான் எடுத்துக்கொள்கிறேன். மக்கள் பக்கமே என் வாக்கும். எப்படியிருந்தாலும், அந்தக் கருத்து வேறுபாடு காணொளிகளைப் பற்றியதாக இருந்தது என்பதில் ஒரு நிறைவு உண்டு.

அன்றிரவு மிக அதிகமாக, ஐந்து விருதுகளை வென்றது ஹெர்பி ஹான்காக்கின் ‘ராக்கிட்’. கெவின் காட்லியும் லால் கிரீமும் இயக்கிய அந்தக் காணொளியில், ஜிம் வைட்டிங் செய்த பொம்மை மனிதர்கள் ஒரு வீட்டுக்குள் படுக்கையில் துள்ளுகிறார்கள், காலைச் சிற்றுண்டி மேசையில் தலையை ஆட்டுகிறார்கள். ஹான்காக் எங்கே? அந்த வீட்டின் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் மட்டும் அவ்வப்போது தெரிகிறார். கறுப்பினக் கலைஞர்களின் காணொளிகளை எம்டிவி ஒதுக்குகிறது என்று பாடகர் ரிக் ஜேம்ஸ் போன்றவர்கள் வெளிப்படையாகக் குற்றம் சாட்டிய காலம் அது. 1983இல் பாடகர் டேவிட் போவி, தம்மைப் பேட்டி எடுக்க வந்த எம்டிவி அறிவிப்பாளரிடமே அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்டார். அந்தச் சூழலில், தம் பாடலின் காணொளியில் தம் முகத்தையே ஒரு பெட்டிக்குள் சுருக்கிக்கொள்ள ஒரு பெரும் ஜாஸ் கலைஞர் இசைந்தார். அப்படி வந்த காணொளிதான் அந்த அலைவரிசையின் முதல் விழாவில் விருதுகளை அள்ளியது. இதை நினைக்கும்போது எனக்குப் பெருமிதத்தைவிடக் கசப்பே மேலோங்குகிறது.

இவ்வளவும் நடந்த இரவை இன்று உலகம் வேறொன்றுக்காக நினைவில் வைத்திருக்கிறது. ஒரு பெரிய திருமணக் கேக்கின் உச்சியிலிருந்து மணப்பெண் உடையில் மடோனா இறங்கி வந்து ‘லைக் எ வர்ஜின்’ பாடினார். காலணி ஒன்று கழன்றுவிட, அதை எடுக்கப் போய்த் தரையில் உருண்டு, உருண்டதையே ஆட்டமாக்கிக்கொண்டதாகப் பின்னாளில் அவரே சொன்னார். அன்றிரவு அவருக்கு ஒரு விருதும் கிடைக்கவில்லை. சிறந்த புதுமுகத்துக்கான பரிசும் யூரித்மிக்ஸ் குழுவுக்குப் போனது. இன்னொன்றுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அவர் பாடிய பாடல் அப்போது வெளிவந்திருக்கவே இல்லை. அக்டோபர் முடிவில்தான் அது கடைக்கு வந்தது. வெனிஸின் கால்வாய்களில் படமாக்கப்பட்ட அதன் காணொளியை அரங்கில் இருந்த பார்வையாளர் எவரும் பார்த்திருக்கவில்லை. ஆக, காணொளிகளுக்கான முதல் விழாவில் வரலாறாக நிலைத்த நிகழ்ச்சி, மக்கள் கண்ணுக்குக் காணொளியே இல்லாத ஒரு பாடல்.

பெயர் தெரியாதவர்கள்

மேடையைக் குறை சொல்வது எளிது. நேரலையில் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்ற பரபரப்பை, எல்லோரும் ஏற்கெனவே பலமுறை பார்த்துவிட்ட காணொளி தர முடியாது. தொலைக்காட்சிக்காரர்கள் இதைப் புரிந்துகொள்ள அதிக நேரம் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் இன்னொரு காரணமும் இருப்பதாகத் தோன்றுகிறது. காணொளியைச் செய்தவர்களுக்கு அந்த மேடையில் முகம் இல்லை. 1992 வரை எம்டிவி திரையின் மூலையில் தோன்றும் எழுத்துகளில் பாடகர் பெயர், பாடல் பெயர், இசைத்தொகுப்பின் பெயர், நிறுவனத்தின் பெயர் எல்லாம் இருக்கும். இயக்குநரின் பெயர் இராது. செலவை இசைத்தட்டு நிறுவனம் ஏற்று, பின்னர் அதைப் பாடகரின் பங்கில் கழித்துக்கொள்வது அந்தத் தொழிலின் வழக்கம். எடுத்துக் கொடுத்தவருக்குக் கூலி உண்டு, அதற்குமேல் பொதுவாக ஒன்றும் இல்லை.

1991இல் ஆர்.இ.எம். குழுவின் ‘லூசிங் மை ரிலிஜன்’ ஆண்டின் சிறந்த காணொளி உட்பட ஆறு விருதுகளை வென்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ தெரிந்த வாசனை அடிக்கும். காரணம் புரிய வெகுகாலமாயிற்று. மழைநீர் சொட்டும் அறை, சன்னலோரத்திலிருந்து விழுந்து நொறுங்கும் பால் குவளை, அம்பு தைத்த புனிதர், கிழிந்த இறகுகளோடு விழுந்துகிடக்கும் முதிய தேவதை, காலண்டர் படங்களில் நாம் காணும் பொன்னிறமும் கருநீலமும். இயக்கியவர் ஜலந்தரில் பிறந்த தார்செம் சிங். எளிமையாகப் பாடி முடிக்கலாம் என்று பாடகர் மைக்கேல் ஸ்டைப் எண்ணியிருக்க, இந்தியத் திரைப்படங்களின் ஒரு வகையைப் போல எல்லாம் மிகையும் கனவுமாக இருக்க வேண்டும் என்று தார்செம் விரும்பியிருக்கிறார். கரவாஜியோவின் ஓவிய ஒளியும் மார்க்கேஸின் சிறுகதையில் வரும் சிறகு முளைத்த கிழவனும் அதே நாலேமுக்கால் நிமிடத்துக்குள் வந்து சேர்ந்தன. அந்த விழாவைப் பற்றி எழுதப்பட்டவற்றில் அதிகம் காணப்படுவது, பரிசு வாங்க மேடையேறிய ஒவ்வொரு முறையும் ஸ்டைப் ஒரு டி-சர்ட்டைக் கழற்றி, அடியில் வேறொரு முழக்கம் எழுதிய டி-சர்ட்டைக் காட்டினார் என்பதுதான். முழக்கங்கள் நல்லவைதான், மழைக்காடு, வாக்குரிமை, துப்பாக்கிக் கட்டுப்பாடு. ஆனாலும் சட்டைகளை எண்ணியவர்களில் எத்தனை பேர் அந்தப் பஞ்சாபி இளைஞரின் பெயரைக் கேட்டுக்கொண்டார்கள் என்று எனக்குள் ஒரு முணுமுணுப்பு இருந்துகொண்டே இருக்கிறது.

இயக்குநர் மேடையேறிய கதையும் உண்டு, அது வேடிக்கையானது. 1999இல் ஃபேட்பாய் ஸ்லிம்மின் ‘ப்ரெய்ஸ் யூ’ மூன்று விருதுகளை வென்றது. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு திரையரங்கின் வாசலில், அனுமதி ஏதும் பெறாமல், கத்துக்குட்டி நடனக் குழு ஒன்று கைகாலை வீசி ஆடுவதைச் சுமார் 800 டாலர் செலவில் எடுத்திருந்தார்கள். ஆட்டத்தின் நடுவே திரையரங்கு ஊழியர் வந்து பாட்டை நிறுத்துவதும் அப்படியே பதிவாகியிருக்கிறது. சிறந்த இயக்கத்துக்கான விருது ‘டாரன்ஸ் சமூக நடனக் குழு’ என்ற பெயருக்கு வழங்கப்பட்டது. அப்படி ஒரு குழுவே கிடையாது. அதன் தலைவராக அசட்டு முகத்தோடு ஆடியவர் ஸ்பைக் ஜோன்ஸ். உண்மையில் இயக்கியவரும் அவரே. வேடம் போட்டுக்கொண்டால் இயக்குநருக்கும் அந்த மேடையில் இடம் உண்டு என்று அவர் கண்டுபிடித்துவிட்டார் போலும்.

பண்பற்ற வாயில் வந்த வாதம்

2009 செப்டம்பர் 13 அன்று நடந்ததை மறுபடியும் விவரிக்க வேண்டியதில்லை என்றுதான் நினைக்கிறேன். பத்தொன்பது வயதுப் பெண் தன் முதல் எம்டிவி விருதைக் கையில் பிடித்திருக்க, முப்பதைக் கடந்த ஓர் ஆண் மேடையேறி மைக்கைப் பிடுங்கியதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது. அன்றைய குடியரசுத் தலைவர் ஒபாமாவே அவரைக் கழுதை என்று திட்டும்படி ஆயிற்று. எனக்கும் அதில் மாறுபாடு இல்லை. இந்த விழாவின் குறையெல்லாம் ஒன்றுதிரண்ட கணம் என்று பலர் சொல்வதை நானும் அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தேன்.

இந்தக் கட்டுரைக்காக அந்தப் பதிவை மீண்டும் பார்த்தபோது, படத்தை விட்டுவிட்டுச் சொற்களை மட்டும் கவனித்தேன். தன்னைப் பற்றிக் கான்யே வெஸ்ட் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண் பாடத் தெரியாதவர் என்று சொல்லவில்லை. பாட்டைப் பற்றிக்கூடப் பேசவில்லை. பியான்சேயின் காணொளி, எக்காலத்திலும் எடுக்கப்பட்ட மிகச் சிறந்த காணொளிகளுள் ஒன்று என்றார். அவ்வளவுதான். காணொளிகளுக்காக நடக்கும் விழாவில், இந்தக் காணொளியைவிட அந்தக் காணொளி மேலானது என்று ஒருவர் எழுந்து வாதாடியதாக அதற்கு முன்போ பின்போ எனக்கு நினைவில் இல்லை. அந்த மேடையில் நிகழ்ந்த ஒரே கலை விமரிசனம் அதுதான். அது வன்முறையின் வடிவத்தில் வந்தது. அதனால் வன்முறை மட்டும் நின்று, விமரிசனம் யார் காதிலும் விழாமல் போனது.

அந்த விமரிசனம் சரியா என்று பார்ப்போம் என்று இரண்டையும் அடுத்தடுத்து ஓட விட்டேன். ஸ்விஃப்ட் விருது பெற்ற, ரோமன் வைட் இயக்கிய ‘யூ பிலாங் வித் மீ’ நேர்த்தியான பள்ளிக்கூடக் கதை. பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சன்னல் வழியே தாளில் எழுதிக் காட்டும் கண்ணாடி போட்ட பெண்ணாகவும், அவனுடைய கர்வம் பிடித்த காதலியாகவும் ஸ்விஃப்ட் இரட்டை வேடத்தில் வருகிறார். முடிவு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். தெரிந்தும் அலுப்புத் தட்டாமல் நகர்கிறது. ஜேக் நாவா இயக்கிய பியான்சேயின் ‘சிங்கிள் லேடீஸ்’ஸில் கதையே இல்லை. அரங்கப் பொருள் ஒன்றும் இல்லாத வெற்று வெளி, கறுப்பு வெள்ளை, மூன்று பெண்கள், ஒளி மாறும்போது மட்டும் மாறும் பின்புலம். படத்தொகுப்பாளர் தம் கைவண்ணத்தைக் காட்டாமல் அடங்கி நிற்பதால், ஆடுபவர்களின் மூச்சு வாங்குதல் வரை நமக்குத் தெரிகிறது. 1960களின் இறுதியில் பாப் ஃபாஸி தொலைக்காட்சிக்காக அமைத்த நடனம் ஒன்றிலிருந்து அசைவுகளை வெளிப்படையாகவே எடுத்துக்கொண்டு, ஃபிராங்க் கேட்சனும் ஜாக்வெல் நைட்டும் அதன்மேல் வேறொன்றைக் கட்டியிருக்கிறார்கள். முன்கையைத் திருப்பி விரலைக் காட்டும் அந்த அசைவு உலகெங்கும் திருமண வீடுகளில் ஆடப்பட்டது. நைட் பின்னாளில் அந்த நடனத்துக்குப் பதிப்புரிமையே பதிவு செய்துகொண்டார். பாடகரின் பெயரில் மட்டுமே அறியப்பட்டுவந்த ஓர் உழைப்புக்குச் சட்டத்தின் வழியாக ஒருவர் தம் பெயரைப் பொறித்துக்கொண்டது சின்ன விஷயம் அன்று. என் தீர்ப்பு வேண்டுமானால்: கான்யே வெஸ்ட் சொன்னது சரி. அதைச் சொல்ல அவருக்கு அங்கே உரிமை இல்லை என்பதும் சரி.

அதே இரவின் பிற்பகுதியில் ‘சிங்கிள் லேடீஸ்’ ஆண்டின் சிறந்த காணொளி ஆனது. பெருந்தன்மையோடு பியான்சே ஸ்விஃப்டை மேடைக்கு அழைத்து, தடைபட்ட பேச்சை முடித்துக்கொள்ளச் செய்தார். அழகான செயல்தான். இருந்தும் அதன் விளைவாக, ஆண்டின் மிகச் சிறந்த காணொளிக்கான நேரத்திலும் காணொளியைப் பற்றி ஒரு சொல்லும் பேசப்படவில்லை. அடுத்த ஆண்டு லேடி காகா அதே விருதை ‘பேட் ரொமான்ஸ்’ஸுக்காகப் பெற்றபோது, அவர் உடுத்தியிருந்தது அந்த இறைச்சி உடை. பிரான்சிஸ் லாரன்ஸ் எடுத்த அந்த விசித்திரமான வெண்ணிற உலகத்துக்குக் கிடைத்த பரிசும், அதை மறக்கடித்த காட்சியும் ஒரே சட்டகத்துக்குள் நின்றன.

மாயாவின் இரண்டு விருதுகள்

2012 எனக்குத் தனிப்பட்ட முறையில் வேண்டிய ஆண்டு. அந்த ஆண்டு ஆண்டின் சிறந்த காணொளிக்கான பட்டியலில் எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி ‘மாயா’ அருள்பிரகாசத்தின் ‘பேட் கேர்ள்ஸ்’ இருந்தது. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் வளர்ந்து, அகதியாக லண்டன் திரும்பிய தமிழ்ப் பெண் அந்தப் பட்டியலில் நின்றதில் எனக்கிருந்த மகிழ்ச்சியை மறைக்கப் போவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இதே எம்டிவி அவருடைய ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலிலிருந்த துப்பாக்கிச் சத்தங்களை மாற்றி ஒளிபரப்பியதையும் அதற்காக அவர் கொதித்ததையும் அறிந்தவர்களுக்கு, இந்த இடம் இன்னும் ருசியாக இருந்திருக்கும்.

ரொமான் கவ்ராஸ் மொராக்கோவின் வார்சசாட் பகுதியில் அதை எடுத்திருந்தார். வளைகுடா நாட்டு இளைஞர்கள் பாலைவனச் சாலைகளில் காரைச் சறுக்கவிட்டு ஆடும் ஆபத்தான விளையாட்டை எடுத்துக்கொண்டு, ஓட்டுநர் இருக்கையில் பெண்களை உட்கார வைத்த காணொளி. சவூதி அரேபியாவில் பெண்கள் கார் ஓட்டுவதற்கு இருந்த தடை 2018இல்தான் நீங்கியது. இரண்டு சக்கரங்களில் சாய்ந்து ஓடும் காரின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு மாயா நகத்தை ராவிக்கொண்டிருப்பார். அத்தனை தூசிக்கும் வேகத்துக்கும் நடுவில் அந்த அலட்சியம்தான் காணொளியின் உயிர். அந்தக் காணொளி வெளிவந்த அதே வாரத்தில், அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளையில் மடோனாவோடு மேடையேறிய மாயா கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். போட்டியை நடத்தும் லீக் அமைப்பு அவர்மீது வழக்குப் போட்டது, கோடிக்கணக்கில் இழப்பீடு கேட்டது. அந்த ஆண்டு முழுவதும் அவர் பெயர் அடிபட்டது ஒரு நொடி நேர விரலுக்காக.

விழாவில் ‘பேட் கேர்ள்ஸ்’ சிறந்த இயக்கம், சிறந்த ஒளிப்பதிவு என்ற இரண்டு விருதுகளைப் பெற்றது. காணொளியை வெறும் காணொளியாக மதிப்பிடும் பிரிவுகள் இவைதான். பிற பெரிய பிரிவுகளை 2006 முதல் ரசிகர்களின் வாக்கு தீர்மானிக்கிறது, அதாவது யாருக்கு அதிக ரசிகர் படை என்பது தீர்மானிக்கிறது; இந்தத் தொழில்நுட்பப் பிரிவுகளில்தான் துறை சார்ந்தவர்களின் கண் இன்னும் மிச்சம் இருக்கிறது. பெரும்பாலான ஆண்டுகளில் இவற்றில் பல நேரலை மேடையில் வழங்கப்படுவதும் இல்லை, அறிவிப்போடு முடிந்துவிடுகின்றன. ஆண்டின் சிறந்த காணொளியாக அன்று வென்றது ரிஹானாவின் ‘வீ ஃபவுண்ட் லவ்’. அதை இயக்கிய மெலினா மட்சூகாஸ்தான் 2016இல் அதே விருதை வென்ற பியான்சேயின் ‘ஃபார்மேஷன்’ காணொளியையும் இயக்கினார். நான்கு ஆண்டு இடைவெளியில் இருமுறை உச்ச விருது கண்ட ஒருவரை, அவர் பெயரைச் சொன்னாலும் யாரென்று விளக்க வேண்டியிருக்கிறது.

அண்மைக் காலத்தில் இதற்கு ஒரு விசித்திரமான தீர்வு வந்திருக்கிறது: பாடகரே இயக்குநராகிவிடுவது. 2009இல் மைக்கைப் பறிகொடுத்த அதே டெய்லர் ஸ்விஃப்ட், 2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள், தாமே இயக்கிய காணொளிகளுக்காக ஆண்டின் சிறந்த காணொளி விருதையும் சிறந்த இயக்கத்துக்கான விருதையும் பெற்றார். அவர் உழைப்பின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இயக்குநருக்கு முகம் கிடைக்க அவர் முதலில் உலகப் புகழ்பெற்ற பாடகராக இருந்தாக வேண்டும் என்றால், தார்செம் சிங்கின் நிலையில் இன்று தொடங்கும் ஓர் இளைஞருக்கு அதில் என்ன ஆறுதல் இருக்கிறது?

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் நிகழ்ச்சியில், ஆண்டின் சிறந்த காணொளியை அறிவித்த உடனே, அதை முதலிலிருந்து முடிவு வரை ஒருமுறை ஓட்டலாம். இயக்கியவர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், நடனம் அமைத்தவர் ஆகியோரின் பெயர்களை நிதானமாகத் திரையில் காட்டலாம். என் அக்கா மகனிடம் இதைச் சொன்னபோது, “எல்லாம் யூடியூபில் இருக்கிறதே மாமா, பார்க்க வேண்டியவர்கள் பார்த்திருப்பார்களே” என்றான். தனித்தனியாகக் கைப்பேசியில் பார்ப்பதும், அரங்கில் இருக்கும் பல்லாயிரம் பேரும் வீட்டில் இருப்பவர்களும் ஒரே நேரத்தில் வாய்மூடிப் பார்ப்பதும் ஒன்றா என்று கேட்டேன். அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. நடைமுறைச் சிக்கலுக்குத் தாவினான். 2022இல் வென்ற ஸ்விஃப்டின் குறும்படம் ஏறத்தாழ 15 நிமிடம் ஓடுமே, அந்த மாதிரி ஒன்று வென்றால் நேரத்துக்கு எங்கே போவது என்றான். மேடைப் பாடல்களில் மூன்றைக் குறைத்துக்கொள்ளட்டும் என்றேன்.